கோழித் தீவனத்தில் வெனிலா

"இது ஒண்ணும் பண்ணாது" என்று யாராவது ஒரு திரவத்தைக் காட்டிச் சொன்னால், நான் முதலில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். அப்புறம் கதவு. சொல்பவர் மெத்தப் படித்தவராக இருந்தால் கதவுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன். எனக்கு உலகத்தின் மேல் அவநம்பிக்கை எல்லாம் கிடையாது. அந்த வாக்கியத்தை என்னைவிட அதிக தடவை சொன்ன ஆள் ஒரு காலத்தில் டெல்லியிலேயே இருந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த வருஷங்கள். ஓர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்காக நான் வைக்கோலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். (வேகவைத்தேன் என்று சொன்னால் எங்கள் வழிகாட்டி சக்சேனா சாருக்குக் கோபம் வரும். பதப்படுத்தினாய் என்று சொல்ல வேண்டும். வைக்கோலுக்கு இரண்டும் ஒன்றுதான்.) வைக்கோலுக்குள் லிக்னின் என்று ஒரு பசை இருக்கிறது. செடி நிமிர்ந்து நிற்பது அதனால்தான். அதைத் தனியாகப் பிரித்து எடுத்தால் பிசின் செய்யலாம், மருந்துக்கு மூலப்பொருள் செய்யலாம், ஐஸ்கிரீமில் போடுகிற வெனிலா வாசனைகூடச் செய்யலாம். பிரிப்பதற்குத்தான் வழக்கமாகக் காட்டமான அமிலங்களும் மூக்கைப் பிடுங்குகிற கரைப்பான்களும் வேண்டும். வேலை முடிந்ததும் அவை ஆற்றுக்குப் போகும், இல்லையென்றால் யாருடைய நெஞ்சுக்குள்ளாவது போகும்.

நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. எங்களுடையது பசுமைக் கரைப்பான். கோழித் தீவனத்தில் சேர்க்கிற கோலின் குளோரைடு ஒரு பங்கு, வயலுக்குப் போடுகிற யூரியா இரண்டு பங்கு. இரண்டுமே வெள்ளைப் பொடி. சேர்த்துக் கலக்கிக் கொஞ்சம் சூடு காட்டினால், பொடி பொடியாக இருந்ததெல்லாம் உருகித் தெளிந்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "கோழிக்குப் போடுததையும் வயலுக்குப் போடுததையும் கலக்குததுக்கா ஒனக்கு மாசாமாசம் ஸ்காலர்ஷிப் தாராவ?" என்று கேட்டார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நான் ஒரே பெண். டெல்லி முனிர்காவில் ஒரு மாடி வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்தோம். அப்பாவின் நுரையீரல் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருந்தது. பீடி சிகரெட் எதுவும் கிடையாது. டெல்லிக் காற்றை ஒழுங்காக, ஒரு நாள்கூட லீவு போடாமல் சுவாசித்ததுதான். அறுவடை முடிந்து பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைக்கோலைக் கொளுத்தினால் அந்தப் புகை தீபாவளி சமயத்தில் நேராக எங்கள் மாடிக்கு வந்துவிடும். அதிலிருந்து பிப்ரவரி வரைக்கும் அப்பா உட்கார்ந்தபடிதான் தூங்குவார்.

நெஞ்சு டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அங்கிள், இந்தக் குளிர் சரி. அடுத்த குளிருக்கு நீங்க இந்த ஊர்ல இருக்கக் கூடாது. இருந்தா என்கிட்ட வராதீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது." அப்பா அதற்கு, "இவ பிஎச்டி முடிக்கட்டும் டாக்டர் சாப். ரெண்டு பேருமாக் கிளம்பிருதோம்" என்றார். பாதி இந்தி, பாதி தமிழ். டாக்டருக்கு முதல் பாதி புரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். நீங்கள் முன்னால் போங்கள், சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று கெஞ்சினேன். அழுதும் பார்த்தேன். "ஏளா, பேருக்கு முன்னால டாக்டர் இல்லாம ஒன்னயக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போனா, இத்தன வருசம் டெல்லில என்னத்தக் கிழிச்சியன்னு கேப்பாவளா இல்லியா? ஒன்னயத் தனியா விட்டுட்டும் போவ மாட்டேன். முடி, போவோம்" என்று சொல்லிவிட்டு இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. மூச்சு அவ்வளவுதான் இருந்தது.

ஆகவே என் நிலைமை இதுதான். எங்கள் திட்டத்துக்கு இன்னும் ஒரு வருஷ நீட்டிப்பு கிடைத்தால், வரப்போகிற அக்டோபருக்குள் ஆய்வேட்டை முடித்து, அடுத்த குளிருக்கு முன்னால் அப்பாவை ரயிலேற்றிவிடலாம். கிடைக்காவிட்டால் வேறு தலைப்பு, வேறு திட்டம், முதலிலிருந்து ஆரம்பம். அதற்குள் எத்தனை குளிர் வரும் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

நீட்டிப்பைத் தீர்மானிக்கிற கமிட்டி அக்டோபரிலேயே வந்திருக்க வேண்டியது. தலைவர் வெளிநாடு போனதால் ஜனவரிக்குத் தள்ளிப்போட்டார்கள். இன்னும் நன்றாகத் தயாராகலாம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். (படித்த முட்டாள்கள் சந்தோஷப்படும்போது யாராவது பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டும்.) எங்கள் விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது. 'இக்கரைப்பான் அறை வெப்பநிலையில் திரவமாகவே இருக்கும்.' அதை எழுதியது நான்தான், மே மாதத்தில். மே மாதத்து டெல்லியில் அந்த அறையில் நானே பாதி திரவமாகத்தான் இருந்தேன்.

அந்த வரி குளிருக்குச் செல்லாது என்று முந்தின குளிரிலேயே தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். முந்தின குளிரில் கோலின் குளோரைடு வாங்கும் கோப்பு இன்னும் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. கோடையில்தான் சரக்கு வந்தது. அதற்கப்புறம் எப்போதும் சின்னக் குடுவையில், சூட்டுத்தட்டின் மேல் வைத்தேதான் வேலை செய்தோம். கமிட்டிக்குக் காட்டுவதற்காகத்தான் முதல் முறையாக ஒரு எவர்சில்வர் டிரம் நிறையக் கலந்தோம். அதிலிருந்து பம்பு வழியாகக் குழாயில் ஏறி, கண்ணாடித் தூணில் திணித்த வைக்கோலுக்குள் கரைப்பான் இறங்க வேண்டும், அடியில் பழுப்பு நிறத்தில் லிக்னின் சொட்ட வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். முந்தின நாள் மாலை டிரம்மைச் சிமெண்டுத் தரையில் வைத்து, ஜன்னல் இடுக்குகளில் குளிர் வராமல் பேப்பர் ஒட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மூடுபனி. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் இறங்கி நடந்து வழி காட்டிக்கொண்டு போனார். நான் போய்ச் சேர்ந்து டிரம்மின் மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, டால்டா டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது.

சக்சேனா சார் வந்தார். எட்டிப் பார்த்தார். "யே க்யா ஹை?" என்றார்.

"சால்வென்ட் சார்."

பேனாவை எடுத்து அதன் மேல் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது. சார் பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு, "ஜல்தி குச் கரோ வசந்தி, ஜல்தி" என்றார். சீக்கிரம் ஏதாவது செய்ய வேண்டுமாம். முப்பது வருஷ ரசாயன அனுபவம் அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லித் தந்தது அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்த சூட்டுத்தட்டுகள் எல்லாம் டீ கிளாஸ் அளவு குடுவைக்குத்தான் சரி. டிரம்மைச் சுடுதண்ணீரில் வைக்கலாம் என்றால் சுடுதண்ணீர் இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன். குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற இம்மர்ஷன் ராடு எங்கே இருக்கிறது, வீட்டுக்காரப் பையனிடம் கொடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அவன் ஒறங்குதான். நான் கொண்டாரேன்" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா, வெளிய பனி கொட்டுது."

"ஆட்டோலதானள வாரேன். நடந்தா வாரேன்?" போனை வைத்துவிட்டார்.

கமிட்டி கண்ணில் படக் கூடாதென்று அரை மணி நேரம் பின்வாசலில் நின்றேன். அப்பா வரவில்லை. உள்ளே வந்து விருந்தினர் அறையைத் தாண்டும்போது இருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சீக்கிரமே வந்துவிட்ட கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அப்பா. கோட்டு, மஃப்ளர், மங்கி குல்லா, மடியில் அமைச்சகத்தில் ஓய்வு பெற்றபோது கொடுத்த தோல் பை. கையில் டீ. தட்டில் முந்திரி பிஸ்கட். முன்வாசல் காவலாளி அந்தப் பையைப் பார்த்ததுமே கமிட்டி ஆள் என்று நினைத்து சல்யூட் அடித்து இங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான். அப்பாவும் மறுக்கவில்லை. வாழ்க்கை முழுக்கக் கமிட்டிகளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர், முதல் முறையாக யாரோ அவருக்கு பிஸ்கட் கொடுக்கிறார்கள்.

"சதர்ன் பெர்ஸ்பெக்டிவ் ரொம்ப முக்கியம்" என்று ஒருவர் அவரைச் சென்னையிலிருந்து வந்த நிபுணர் என்றே நினைத்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஆழ்ந்து யோசித்து, "அப்ஸல்யூட்லி" என்றார்.

என்னைப் பார்த்ததும் பையிலிருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய ராடை எடுத்து, "யுவர் எக்விப்மென்ட்" என்று நீட்டினார். நான் "தேங்க் யூ சார்" என்று வாங்கிக்கொண்டேன். என் அப்பாவை சார் என்று கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் கண்ணைச் சிமிட்டினார்.

அதற்குள் தலைவரின் காரும் வந்துவிட்டது. வாளியில் தண்ணீர் காய்ச்சி, டிரம்மை அதில் வைத்து உருக்க நேரம் இல்லை. ஸ்பேனரால் நடுவில் ஒரு குழி தோண்டி, ராடை நேராக டிரம்முக்குள்ளேயே சொருகி, சுவிட்சைப் போட்டு, மேலே என் வெள்ளைக் கோட்டைப் போர்த்திவிட்டேன். சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கமிட்டி வரிசையாக உள்ளே வந்தது. கடைசியில் அப்பா. வேறு வழி தெரியாமல் சார் அவருக்கும் நாற்காலி போட்டார். அது டிரம்முக்குப் பக்கத்து நாற்காலி.

நான் பேச ஆரம்பித்தேன். வைக்கோல், புகை, டெல்லியின் நுரையீரல். இந்த இடத்தில் அப்பாவைப் பார்க்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். கரைப்பானுக்கு வந்தேன். "இதில் விஷம் கிடையாது. தீப்பிடிக்காது. வாசனை என்பதே இல்லை. கோழிகள் தினமும் சாப்பிடுகிற பொருள். மனிதர்களை ஒன்றுமே பண்ணாது." அப்பா பெருமையோடு தலையாட்டினார்.

தலைவர் பம்பிலிருந்து போகும் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். குழாய்க்குள் மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. விண்ணப்பத்தைப் புரட்டினார். "ரூம் டெம்பரேச்சர்ல லிக்விட்னு போட்டிருக்கே. கிஸ் ரூம் கா, பேட்டி?" என்று, எந்த ரூமோட டெம்பரேச்சர் மகளே என்கிற அர்த்தத்தில், ரொம்ப அன்பாகக் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் நாகரிகமாகச் சிரித்தார். பேச்சை மாற்றுவதற்காக நான் வெனிலா எடுத்து வைத்திருந்த சின்ன பாட்டிலைத் திறந்து, "ஸ்மெல் பண்ணிப் பாருங்க சார், இது வைக்கோலிலிருந்து வந்தது" என்று தலைவரின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

டிரம்முக்குள் நடந்ததைப் பிற்பாடு உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டேன். ராடைச் சுற்றிக் கொஞ்சம்தான் உருகியது. வெளியே கட்டி. சூடு போக இடமில்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டே போனது. யூரியாவைக் கண்டபடி சூடாக்கினால் அம்மோனியா வரும். கோலின் குளோரைடு சிதைந்தால் அழுகிய மீனின் வாசனை வரும். இரண்டும் எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

தலைவர் பாட்டிலை முகர்ந்தார். முகம் மாறியது. மறுபடி முகர்ந்தார். "திஸ் இஸ் வெனிலா?" என்றார்.

அதற்குள் எல்லார் மூக்கிலும் ஏறிவிட்டது. முதலில் பஸ் ஸ்டாண்டு மூத்திர நெடி, பின்னாலேயே நாள்பட்ட கருவாடு. என் வெள்ளைக் கோட்டின் கழுத்து வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. யாரோ ஜன்னலைத் திறக்கப் போனார். நான் ஒட்டிய பேப்பர் கிழிந்தது, ஜன்னல் திறக்கவில்லை. கண் எரிந்தது. சார் சுவிட்சைத் தேடிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். ஒருவர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

அப்பா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். உள்ளே ஒன்றும் போகவில்லை. கோட்டுப் பைகளைத் துழாவினேன். அவசரத்தில் இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"தி எக்ஸ்பர்ட் ஃப்ரம் சென்னை!" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்பா!" என்று நான் அலறினேன்.

தலைவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஃபாதர்?" என்றார். அவரும் சக்சேனா சாருமாக அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்த் தலைவரின் வெள்ளை அம்பாசடரில் போட்டார்கள். மூடுபனியில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு கார் போனது. அப்பாவின் தலை என் மடியில். நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம். அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டார். "என்ன சுவாசிச்சார்?"

"பசுமைக் கரைப்பான்."

"அப்படின்னா?"

"விஷமில்லாதது" என்றேன். பழக்க தோஷம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார்.

அந்தத் திரைக்கு வெளியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. என் மேலெல்லாம் மீன் வாசனை. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை, பயம்தான். அப்பா செத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன். எந்தக் காற்றிலிருந்து அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓடினேனோ, அதைவிட மோசமான காற்றை நானே காய்ச்சி, அவர் கையாலேயே ராடைக் கொண்டுவர வைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் சார் வந்தார். கமிட்டி நீட்டிப்புத் தரவில்லை. தலைவர் அப்பாவைப் பற்றி இரண்டு தடவை விசாரித்தாராம். வேறு தலைப்பு தருகிறேன், இரண்டு மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்று சார் சொன்னார். நல்ல மனுஷர். போகும்போது நியூஸ் பேப்பரில் சுற்றி ராடையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். பாதி கருகியிருந்தது.

உள்ளே விட்டபோது அப்பா கண்ணைத் திறந்தார். மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார். "ஏளா" என்றார்.

"பேசாதீங்கப்பா."

"காலைல தேங்காண்ணெ பாட்டில கேஸ் அடுப்புப் பக்கத்துல வச்சு, உருக்கித்தான தலையில தேச்சுட்டுப் போன?"

"ஆமா."

"அப்பக்கூடவா தோணல?"

டெல்லியில் இருக்கிற ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் டிசம்பர் வந்தால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காலையிலும் உருக்கித்தான் பின்னல் போட்டுக்கொண்டு, டிரம் இருக்கும் அறைக்குப் போனேன். அப்பாவின் தோள் குலுங்கியது. மறுபடி மூச்சு முட்டுகிறது என்று நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் போன பிறகு, "கமிட்டி என்ன சொல்லிச்சு?" என்று கேட்டார்.

"இல்லைன்னுட்டாங்கப்பா."

மேலே மின்விசிறியைப் பார்த்தார். குளிரில் அது ஓடவில்லை. "சரி, டிக்கெட் போடு" என்றார்.

பிப்ரவரியில் ஊருக்குப் போய்விட்டோம். நான் டாக்டர் ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர் ஆனேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அந்தப் பட்டம் எனக்கு வேண்டும். இன்றைக்கும் வேண்டும்.

ஆனால் ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்பா இடமே கொடுக்கவில்லை. கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், தாமிரபரணிப் படித்துறையில், யார் "பொண்ணு டெல்லில..." என்று வாயைத் திறந்தாலும் உடனே ஆரம்பித்துவிடுவார். "அத ஏன் கேக்கிய? நான் மங்கி குல்லாவோட உள்ள போறேன், சல்யூட் அடிக்கான்..." தலைவர் வெனிலாவை முகர்ந்ததை நடித்துக் காட்டுவார். சார் மேஜைக்கு அடியில் தவழ்ந்ததற்குக் குனிந்துகூடக் காட்டுவார், இருமிக்கொண்டே. கேட்கிற ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் என்ன கேட்க வந்தோம் என்பது அவர்களுக்கு மறந்திருக்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசும். எழுந்து உள்ளே போய்விடுவேன். ஏன்ப்பா இப்படி ஊரெல்லாம் சொல்லி மானத்தை வாங்குறீங்க என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன். "நல்ல கதைளா" என்பார்.

அங்கே காற்று நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கெட்டுப்போன நுரையீரலை எத்தனை நாள் இழுக்க முடியும்? சில வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை மாதம், அப்பா போய்விட்டார். மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களோடு நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடியிலிருந்து அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா வந்திருந்தாள். ரொம்ப வருஷமாகப் போக்குவரத்து இல்லாத அத்தை. என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஏம்மா, நீ டெல்லில டாக்டருக்குப் படிச்சேன்னு சொன்னாவளே, அது என்னாச்சு?" என்றாள்.

கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் இல்லை. சித்தப்பா தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் அப்பா எதற்காக அந்தக் கதையைச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை.

"அத ஏன் அத்தை கேக்கிய?" என்று ஆரம்பித்தேன். அந்தக் கதையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா நிறுத்துகிற இடத்தில் எல்லாம் நிறுத்தினேன். அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு "அப்ஸல்யூட்லி" என்று சொன்ன இடத்தில் சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் வெனிலாவை முகர்ந்தபோது அத்தை என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். கூடமே சிரித்தது. மாலையோடு வாசலுக்கு வந்த இரண்டு பேர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று படியிலேயே தயங்கி நின்றார்கள். நான் அவர்களைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டேன். அத்தை அப்புறம் பட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.